பன்னிரண்டுக்கு மேல் வந்தால் சி பிரிவு

ஜூன் 14, சனி

எடை பார்க்கும் நாள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்தரைக்கு முடித்தோம். இருபத்தாறு கார்கள். இடுப்பு விட்டுப்போயிற்று.

எங்கள் கிளப்பில் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் யாருக்கும் அது தொழில் இல்லை. ஒருவர் மருந்துக்கடை, ஒருவர் பல் டாக்டர், மீதிப் பேர் பவுண்டரியும் லேத்தும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹெல்மெட் மாட்டுவார்கள். ஆளுக்கொரு விதமான காரைக் கொண்டுவருவதால், எதை எதோடு ஓடவிடுவது என்று வருடா வருடம் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பதினோரு வருடமாக நான் இருக்கிறேன். கணக்கு எளிது. டேங்கைக் காலி செய்து, ஓட்டுபவரைச் சீருடை ஹெல்மெட்டோடு உள்ளே உட்காரவைத்து, காரை எடை பார்ப்போம். அதை இன்ஜினின் ஹெச்.பி.யால் வகுப்போம். ஒரு ஹெச்.பி.க்குப் பன்னிரண்டு கிலோவோ அதற்கு மேலோ வந்தால் சி பிரிவு, மெதுவான கார்கள். அதற்குக் கீழே பி. இன்னும் கீழே போனால் ஏ. காரின் அழகு, விலை, ஓனரின் ஜாதகம் எதையும் நான் பார்ப்பதில்லை. பம்ப் கம்பெனியிலும் எனக்கு அதே வேலைதான். அளவு தப்பினால் ரிஜெக்ட். ‘ரிஜெக்ட் சாந்தாமணி’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும்.

போத்தனூர் பிராங்க்ளினின் கார் இன்று 11.91 காட்டியது. ரயில்வேயில் மெக்கானிக், ஏழு வருடமாக ஓட்டுகிறார், இரண்டு முறை இரண்டாம் இடம்.

“ஆறு கிலோதான குறையுது சிஸ்டர். காலைல இட்லி சாப்பிடாம வந்துட்டேன்” என்று சிரித்தார்.

“அப்ப ஆறு கிலோ இட்லியப் பொட்டலம் கட்டிக் காருக்குள்ள வெச்சுட்டு வாங்க” என்றேன்.

போய் எட்டுக் கிலோ இரும்புத் தகட்டைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வந்தார். விதி அதை அனுமதிக்கிறது. 12.03. சி பிரிவு.

கடைசிக் கார் குருவுடையது. என் தம்பி என்பதால் கடைசியில் வைத்தேன், நாளை ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அவனுக்கு ஷிப்ட் முடிய நேரமாகிவிட்டது. எடைக்கருவியை வாடகைக்குக் கொண்டுவந்த ஆள், மழைக்கு முன்னால் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று குதித்தார். கிளப் செயலாளர் வெங்கடபதி அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே ஓர் ஆள் வேண்டுமே. நானே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 894 கிலோ, 74 ஹெச்.பி. 12.08. சி பிரிவு. கையெழுத்துப் போட்டேன்.

குரு வந்தபோது நல்ல மழை.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். தோசைக்கல் முன்னால் நின்றபோது குரு கேட்டான்.

“அக்கா, என்ற காருக்கு எத்தன வந்துச்சு?”

“எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலு.”

“ஆரு உள்ள உக்காந்தா?”

“ஆரோ ஒருத்தர். ஆள் ஆளுதான?”

என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். பிறகு இன்னும் இரண்டு தோசை கேட்டான்.

ஜூன் 29, ஞாயிறு

முதல் சுற்று. சி பிரிவில் குரு முதலிடம்! பிராங்க்ளின் இரண்டாவது. பத்து லேப் ஓடி முக்கால் நொடி வித்தியாசம்.

இந்த வருடம் சி பிரிவில் ஜெயிப்பவரைச் சென்னையில் ஒரு டீம் தேர்வுக்குக் கூப்பிடும். நிஜப் பந்தயக் கார், நிஜ டீம். முப்பத்திரண்டு வயது வரைதான். குருவுக்கு முப்பத்தொன்று. வால்வு கம்பெனியில் சிஎன்சி மெஷினோடு எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கூரை இல்லாத இந்தச் சின்ன இரண்டு சீட்டு காரை நான்கு வருடமாகத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டினான். அம்மா போனபோது அவனுக்குப் பதினாலு. அவன் மேடையில் நிற்பதைப் பார்த்து நான் அழுதேன், அதை எழுதுவதில் வெட்கமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கம்பெனியில் மருத்துவ முகாம். சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். பிறகு எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். செருப்போடு ஏறினேன், கைப்பையும் தோளில் இருந்தது. அதனால் அந்த எண்ணை இங்கே எழுதுவதில் அர்த்தமில்லை.

ஜூலை 19, சனி

குருவுக்கு நல்ல பசி. முன்பெல்லாம் கொறிப்பான், இப்போது மதியம் சோறே மூன்று முறை வாங்குகிறான். நேந்திரம்பழம் ஒரு சீப்பு இரண்டு நாளில் காலி. கடலை மாவு உருண்டை, பால், நெய். “உடம்பு தேறோணும்க்கா” என்கிறான். கடவுள் கண்ணைத் திறந்தார் என்று இருக்கிறது. அவனுக்குப் போட்டுவிட்டு நான் இரண்டு கேழ்வரகுத் தோசையோடு நிறுத்திக்கொள்கிறேன். காலையில் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். சர்க்கரைக்காக.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டாம் சுற்று. மறுபடி குரு. மறுபடி பிராங்க்ளின் இரண்டாவது.

பந்தயம் முடிந்து பிராங்க்ளின் தன் காரிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார்.

“சிஸ்டர், நீங்க வெளிய நின்னு பாக்கறீங்களே. நான் எங்க தப்பு பண்றேன்? வளைவுல குருவப் புடிச்சுடறேன். நேர்ப் பாதையில வந்தா விட்டுட்டுப் போயிடறான். ரெண்டு காரும் ஒரே கணக்குதான?”

“வளைவுல இருந்து வெளிய வர்றப்ப நீங்க ஆக்சிலேட்டர லேட்டா மிதிக்கறீங்களோ என்னவோ. இன்னுங் கொஞ்சம் பழகிப் பாருங்க” என்றேன்.

தலையை ஆட்டினார். எனக்கு ஆக்சிலேட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சும்மா பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 74 ஹெச்.பி. காருக்குப் பன்னிரண்டு வர 888 கிலோ வேண்டும். அன்று 894. ஆக, எனக்கும் குருவுக்கும் ஆறு கிலோவுக்குள் வித்தியாசம் இருந்தால் பிரச்சினையே இல்லை.

அவனுடைய பந்தயச் சீருடையைப் போன வாரம் துவைத்தபோது என் தோளில் வைத்துப் பார்த்தேன். உடனே மடித்து வைத்துவிட்டேன்.

இதில் குற்றம் என்று என்ன இருக்கிறது? நான் ஏமாற்ற நினைத்தேனா? மழை வந்தது, ஆள் குதித்தார், உட்கார்ந்தேன். அவ்வளவுதான். இன்று கம்பெனியில் பம்பின் வெளிக்கூடு, நாற்பது ஹவுசிங்கை ரிஜெக்ட் செய்தேன். வார்ப்படப் பிரிவு மேற்பார்வையாளர் வந்து “ஒரு நூல்தானுங்க்கா எச்சு” என்று கெஞ்சினார். ஒரு நூல் அளவு அதிகமானாலும் எச்சு எச்சுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாம் சுற்று. ஆறாவது லேப்பில் பிராங்க்ளினின் கார் கவிழ்ந்தது.

நேர்ப் பாதை முடிகிற இடத்தில் குருவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். எல்லோரும் பிரேக் பிடிக்கிற கம்பத்தைத் தாண்டியும் அவர் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தார். கார் பக்கவாட்டில் வழுக்கி, மண்ணில் இறங்கி, டயர் அடுக்கில் மோதி உருண்டது. நான் ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. அவரை ஜன்னல் வழியாக இழுத்தபோது நினைவு இருந்தது. இடது கை மட்டும் ஒரு மாதிரியாகத் தொங்கியது.

குரு முதலிடம். யாரும் கை தட்டவில்லை, அவனும் மேடை ஏறவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பிராங்க்ளினுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஓடி வந்து தூக்குனீங்களாமே, ஆண்டவர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்” என்றார். என்னால் அங்கே பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. கம்பெனியில் வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். வேலை இல்லை, விடுப்பு எடுத்திருந்தேன்.

லேட்டாகப் பிரேக் பிடித்தது அவர். நான் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

சி பிரிவில் ஓட்டுகிற இரண்டு பேர் செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிச் சுற்றுக்கு முன் குருவின் காரை மறுபடி எடை போட வேண்டுமாம். வெங்கடபதி அண்ணன் போன் செய்தார்.

“ஏனம்மணி, உங்க கணக்கையே சந்தேகப்படறானுக பாருங்க. ஒரு தடவ போட்டுக் காட்டிட்டா வாயை மூடிக்குவானுக. எத்தன வருசமாப் பாக்கறோம்.”

“போடலாங்ணா” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

குருவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிராமல், “இன்னும் பதினெட்டு நாள் இருக்குதில்ல” என்றான். எதற்குப் பதினெட்டு நாள் என்று நான் கேட்கவில்லை. மட்டன் குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பிராங்க்ளின் வீட்டுக்கே வந்துவிட்டார். இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, போத்தனூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். காபி கொடுத்தேன். ஒற்றைக் கையால் டம்ளரைப் பிடித்தபடி பேசினார்.

“சிஸ்டர், அந்தப் புகார்ல என்னையும் கையெழுத்து போடச் சொன்னாங்க. பாயிண்ட்ல ரெண்டாவது இருக்கறவன் போட்டாத்தான் எடுபடும்னாங்க. நான் போடல. அத உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.”

“ஏனுங்க, போட்டிருக்கலாமே?”

“எதுக்கு? நீங்க எடை போட்டு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன? எனக்கே ஆறு கிலோவுக்கு இரும்பு மாட்ட வெச்ச ஆளு நீங்க. தம்பிக்கு மட்டும் விடுவீங்களா? மடியில கனம் இருக்கறவனுக்குத்தான் வழியில பயம்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

குரு உள்ளறையில் இருந்தான். கேட்டிருப்பான். வெளியே வரவில்லை.

பிராங்க்ளின் போன பிறகு அவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபது வருடமாக எனக்கு வேறு பெருமை கிடையாது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜி தின்றுவிட்டுப் ‘பொண்ணு கொஞ்சம் தாட்டியா இருக்குது’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாந்தாமணி சொன்னால் சரியாக இருக்கும் என்ற ஒரு பேச்சு மட்டும்தான் எனக்கென்று இருந்தது.

என் எடை எழுபத்தொன்பது. குருவுக்கு ஜனவரியில் ரத்ததான முகாமில் அறுபத்தொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இத்தனை நாள் இதே நோட்டில் என்னவெல்லாமோ எழுதியிருக்கிறேன்.

அன்றே மறுபடி எடை போட்டிருந்தால் 876 காட்டியிருக்கும். பிராங்க்ளின் மாதிரி குருவும் பன்னிரண்டு கிலோ இரும்பை மாட்டிக்கொண்டு முறையாக சி பிரிவில் ஓடியிருப்பான். அரை மணி நேர வேலை. அதற்கு நான் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், ‘உள்ளே உட்கார்ந்தது நான், எனக்கும் அவனுக்கும் எடை வித்தியாசம் அதிகம்’ என்று. அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

குருவின் சீருடையில் ஜிப் ஏறவில்லை. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்துத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு எடைக்கருவி வந்தது. எல்லா ஓட்டுநர்களும் சுற்றி நின்றார்கள். பிராங்க்ளினும் கையைக் கட்டியபடி வந்திருந்தார். ஓட்ட முடியாவிட்டாலும் வேடிக்கை பார்க்கலாமே என்றார். டேங்கைக் காலி செய்தார்கள். குரு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். சீட்டில் பிதுங்கி உட்கார்ந்தான்.

நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஆளுக்கொரு எடைத்தட்டு; அவற்றின் எண்களை நான்தான் கூட்ட வேண்டும். இரண்டு முறை கூட்டினேன். 889.

12.01. சி பிரிவு.

“பாத்துக்குங்கப்பா!” என்று வெங்கடபதி அண்ணன் கை தட்டினார். “அம்மணி கணக்குல தப்பு வருமா? புகார் குடுத்தவங்க எங்க, முன்னால வாங்க.” புகார் கொடுத்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டு வந்து என்னிடம் மன்னிப்பே கேட்டார்கள். அண்ணன் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். இன்றைய எண் பொய் இல்லை. குரு சென்னைக்குப் போயிருப்பான். பிராங்க்ளின் பக்கம் பார்க்காமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ. அவர் புகார் கொடுத்தவர்களைப் பார்த்து, ‘நான் அப்பவே சொன்னனா இல்லையா’ என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கணக்கு இன்னிக்குச் சரி” என்றேன். “ஜூன் மாசம் போட்டது தப்பு. அன்னிக்குக் குரு வரல. உள்ள நான் உக்காந்தேன். என்ற எடை எழுவத்தொம்பது. அவன் அப்ப அறுவத்தொண்ணு. கார் பி பிரிவுல போயிருக்கோணும். மூணு சுத்தும் அவன் தப்பான பிரிவுலதான் ஓடியிருக்கறான். எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல.”

யாராவது சிரிப்பார்கள் என்றுதான் இத்தனை மாதம் பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் எடையை யாரும் காதிலேயே வாங்கவில்லை.

அண்ணன் என்னைத் தனியாக இழுத்துப் போய், “எதுக்கு அம்மணி இதெல்லாம் இப்ப?” என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரம் கூடிப் பேசி, குருவின் மூன்று சுற்றுப் புள்ளிகளையும் அடித்துவிட்டார்கள். பிராங்க்ளினுக்கு முதல் இரண்டு சுற்றும் முதலிடமாக மாறியது. இன்று யார் ஜெயித்தாலும் அவர் புள்ளியை எட்ட முடியாது; ஓட்டாமலே அவர்தான் சி பிரிவின் சாம்பியன்.

குரு காரைவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

“ஒரு வார்த்த என்னக் கேட்டியாக்கா?”

“இல்ல கண்ணு.”

“மூணு மாசமா மாடு மாதிரித் தின்னனே, எதுக்குன்னு நெனச்ச? சோறு எறங்காம பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடியும் உக்காந்து தின்னேன். சென்னைக்குப் போறதுக்குன்னு நெனச்சியா? இத்தன பேரு முன்னால நீ தல குனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு தின்னேன்.”

எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கரண்டியும் ஊற்றியது நான்தானே. அவன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். கடைசி வரிசையிலிருந்து கிளம்பி நான்காவதாக வந்தான்.

பிராங்க்ளினிடம் போனேன். பாராட்டவா, மன்னிப்புக் கேட்கவா என்று தெரியாமல் முன்னால் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

“கப்பு கெடைச்சுது சிஸ்டர், சரி. அன்னிக்கு உங்ககிட்ட நான் எங்க தப்பு பண்றேன்னு கேட்டேனே. ஞாபகம் இருக்கா?”

“இருக்குதுங்க.”

“பழகிப் பாருங்கன்னீங்க. டூட்டி முடிச்சு ஒவ்வொரு சாயங்காலமும் இங்க வந்து பழகினேன். ரெண்டு காரும் ஒண்ணுன்னா, எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு அர்த்தம். ஏழு வருசம் ஓட்டிட்டு எனக்கு ஓட்டத் தெரியலன்னு முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் அந்தக் கம்பத்தத் தாண்டியும் பிரேக்க மிதிக்காமப் போனேன். தோள்பட்ட போனாப் போவுது, ஒட்டிக்கும். மூணு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன் சிஸ்டர். அத யாரு திருப்பிக் குடுப்பா?”

அவர் மனைவி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 22, திங்கள்

கம்பெனிக்குப் போனேன். மதியம் குருவிடமிருந்து வழக்கமாக வரும் போன் இல்லை. பிராங்க்ளினிடமிருந்து வந்தது.

“ராஜினாமா குடுத்தீங்களாமே?”

“ஆமாங்க.”

“எனக்கு இரும்பு மாட்டிவிட்டுட்டு நீங்க சுலபமா வீட்ல உக்காந்துக்கலாம்னு பாக்கறீங்களா? செயலாளர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த ஜூன்ல நீங்கதான் எடை போடறீங்க. ஆனா ஒண்ணு, நீங்க எழுதற ஒவ்வொரு நம்பரையும் நான் பக்கத்துல நின்னு பாப்பேன். கூட்டறதையும் நான் ஒரு தடவ கூட்டிப் பாப்பேன். அப்புறந்தான் கையெழுத்து.”

“பாருங்க” என்றேன்.

போனை வைத்த பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருபது வருடத்தில் என் கூட்டலை இன்னொருவர் கூட்டிப் பார்ப்பேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.